பழந்துணியும் ஓட்டுத் தையலும்: காந்தா தைக்கக் கற்றுக்கொண்ட கதை

சென்ற ஆண்டு கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் எங்கள் மகளிர் குழுவுக்கு ஒதுக்கப்பட்ட மேசையில், மாவடு ஊறுகாய்ப் பாட்டில்களுக்கும் சாமைப் பொட்டலங்களுக்கும் நடுவே, நாங்கள் கையால் தைத்த மூன்று போர்வைகளை மடித்து வைத்திருந்தோம். மாலை நேரத்தில் வந்த ஒரு பெரியவர் அதில் ஒன்றை எடுத்து விரித்து, இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, "பழைய சேலையத் தைச்சு வெச்சுட்டு ரெண்டாயிரத்து இருநூறு கேக்கறீங்களேம்மா?" என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. துணியின் விலை தெரிந்த ஒருவர் நியாயமாகக் கேட்கும் கேள்வியாகவே அது இருந்தது. கூட்ட நெரிசலில் நான் சொன்ன பதில் அரைகுறையாகப் போயிற்று. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தப் போர்வையைத் தைத்த முறைக்கு வங்காளத்தில் காந்தா என்று பெயர். உடுத்தி நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசி மேலும் கீழுமாகப் புகுந்து நேராக ஓடும் ஓட்டுத் தையல் ஒன்றையே முதன்மையாகக் கொண்டு இணைத்து, மேலே உருவங்களையும் தைத்தால் அது நக்ஷி காந்தா. நக்ஷா என்றால் வரைவு, சித்திரம். காந்தா என்ற சொல் நமக்கும் அன்னியமானதன்று. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நாம் சொல்லும் கந்தையும் சமஸ்கிருதத்தின் கந்தா என்ற அதே சொல்லிலிருந்து வந்ததுதான். எங்கள் மாவட்டத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் பழந்துணிப் போர்வையைப் பொந்த என்கிறார்கள். ஓசூர், தளிப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் கௌதி என்கிறார்கள். மார்கழிக் குளிரில் என் பாட்டி போர்த்திக்கொண்டதும் இப்படித் தைத்த ஒன்றுதான் என்றாலும், அதைத் தைத்தவர் யார், எத்தனை நாள் தைத்தார் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கம்பளி வாங்க வசதி வந்த ஆண்டு அது மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. இன்று அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

காந்தாவை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓசூரில் குடியிருக்கும் ஒரு வங்காளப் பெண்மணி. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். கணவருக்குத் தொழிற்பேட்டையில் வேலை. என் தங்கை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. ஒரு நாள் அவர் வாசற்படியில் உட்கார்ந்து மடியில் வெள்ளைத் துணியைப் பரப்பி, சட்டகம் ஏதும் இல்லாமல், ஊசியில் ஏழெட்டுத் தையலை ஒரே தடவையில் கோத்து இழுத்துக்கொண்டிருந்ததை நின்று பார்த்தேன். இருபது ஆண்டுகளாகத் தையல் எந்திரத்தோடு வாழ்கிற எனக்கு, அந்தக் கை நகர்ந்த வேகத்தைப் பார்த்து மறுநாளும் அங்கே போய் நிற்கத் தோன்றியது. நான் அவரைத் தீதி என்று கூப்பிடுகிறேன். அவர் என்னை அக்கா என்கிறார். இரண்டுக்கும் ஒரே பொருள் என்பதால், எங்களில் மூத்தவர் யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

தீதி முதல் நாள் சொன்ன பாடம் துணியைப் பற்றியது. "புதுத் துணி வேண்டாம் அக்கா, பழசு கொண்டா" என்றார். சிக்கனத்துக்காகச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். ஆகவே எங்கள் குழுவின் முதல் வேலைக்கு, துணி வியாபாரத்துக்குப் பேர்போன பர்கூருக்குப் போய்ப் புதிய வெள்ளைக் காடாத் துணி எடுத்து வந்து, உள்ளே மட்டும் பழைய சேலைகளை வைத்து, சிவப்பு நூலால் தாமரை தைத்து, ஆறு பேர் பல வாரம் உழைத்து நான்கு விரிப்புகளை முடித்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தன. விற்பதற்கு முன் ஒருமுறை அலசிவிடலாம் என்று நனைத்தபோது எல்லாம் கெட்டது. புதுத் துணி சுருங்கியது. ஏற்கெனவே நூறு முறை துவைத்துச் சுருங்கி முடிந்த பழைய சேலை அதனோடு சேர்ந்து சுருங்கவில்லை. மேல்துணி இறுகி உள்துணி மடிந்து, விரிப்பின் நடுவில் மேடும் பள்ளமும் விழுந்தன. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய சிவப்பு நூல் சாயம் விட்டு, வெள்ளைத் துணி முழுவதும் வெளிறிய ரோஜா நிறமாயிற்று. குழுவில் மூத்தவரான பெரியம்மா ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அந்த நான்கையும் நாங்கள் விற்கவில்லை.

பழந்துணியே வேண்டும் என்பதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பல ஆண்டு உடுத்தித் துவைத்த பருத்திச் சேலையில் சுருங்குவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை, விடுவதற்குச் சாயமும் இல்லை. கஞ்சியும் மொரமொரப்பும் போய் இழைகள் தளர்ந்திருப்பதால் நான்கைந்து அடுக்கையும் ஊசி தடையில்லாமல் துளைத்துச் செல்லும். விரலுக்கு வலி குறையும். உடம்பில் படும்போது உறுத்தாது. புதிதாய்ப் பிறந்த குழந்தையை நாம் பழைய வேட்டியில் சுற்றுவதும், பாட்டியின் நூல் சேலையில் தூளி கட்டுவதும் இதே அறிவினால்தான். வங்காளத்திலும் குழந்தை பிறக்குமுன்பே சிறிய காந்தாக்களைத் தைத்து வைக்கிறார்கள். உடுத்திப் பழகிய துணி கண்ணேறுபடாமல் காக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வறுமையில் பிறந்த தொழில் இது என்று சொல்வது உண்மையில் ஒரு பாதிதான். பழந்துணியின் இயல்பை நன்றாகத் தெரிந்துகொண்ட பெண்கள் கண்டுபிடித்த தொழில் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நூலைக்கூட அவர்கள் கடையில் வாங்கவில்லை. சேலையின் கரையிலிருந்த சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை ஒவ்வொன்றாக உருவியெடுத்து, அவற்றைக் கொண்டே தைத்தார்கள். பழைய காந்தாக்களில் இந்த நிறங்களே மிகுதியாகத் தென்படுவதற்குக் காரணம் அதுதான்.

இன்று எங்களுக்கு இருக்கும் பெரிய சிக்கல் இந்தப் பழந்துணி கிடைப்பதில்தான் இருக்கிறது. நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பீரோவைத் திறந்தால் பெரும்பாலும் பாலியெஸ்டர் சேலைகளே இருக்கின்றன. அவை நையாது, வியர்வையை உறிஞ்சாது. அடுக்கி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விலகும். ஆகவே பழந்துணிக்குப் பிளாஸ்டிக் குடமும் பாத்திரமும் கொடுக்கும் வியாபாரிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, பருத்திச் சேலைகளை மட்டும் தனியே பிரித்து வாங்குகிறோம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, இரண்டு கையாலும் மெல்ல இழுத்து, கிழிகிறதா என்று சோதிக்கிறோம். நைந்திருக்கலாம், இற்றுப்போயிருக்கக் கூடாது. முந்தானையும் உடுத்தும்போது உட்புறம் போகும் பகுதியும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். குதிகால் பட்டுப் பட்டுத் தேய்ந்த கீழ்க்கரை ஓரத்தை வெட்டி நீக்கிவிட வேண்டும்.

தைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரியவரின் கேள்விக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. ஐந்தரை மீட்டர் சேலையை நீளம் பாதியாகும்படி இரண்டாக மடித்தால் இரண்டு அடுக்கு கிடைக்கும். இப்படி இரண்டு சேலை வைத்தால் நான்கு அடுக்கு. குளிர்காலத்துக்கான தடித்த காந்தாவை அவர்கள் லேப் காந்தா என்கிறார்கள். விருந்தினர் வந்தால் விரிக்கும் மெல்லிய அலங்கார விரிப்பு சுஜ்னி காந்தா. கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்க ஆர்ஷிலதா, தலையணைக்கு ஒன்று, புத்தகம் பொதிய ஒன்று என்று பயனுக்கு ஒரு பெயர் உண்டு. எதுவானாலும் தொடக்கம் ஒன்றுதான். தரையைத் துடைத்து, துவைத்து உலர்த்திய துணியை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு பேர் உட்கார்ந்து, சுருக்கமும் காற்றும் இல்லாமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவித் தடவி நீவுகிறோம். மூலைகளில் கனம் வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்துவிட்டு, பிறகு ஒரு சாண் இடைவெளியில், பின்னால் பிரித்துவிடும் கச்சாத் தையல் போட்டு அடுக்குகளை நிலைநிறுத்துகிறோம். இந்த நீவும் வேலையில் அவசரப்பட்டால், நாற்பது நாள் கழித்துத் தையலின் முடிவில் ஒரு மூலையில் துணி மிஞ்சி நிற்கும். அதை எந்த இஸ்திரியும் சரிசெய்யாது.

அதன்பின் நடுவில் தாமரை. பழைய நக்ஷி காந்தாக்களில் பெரும்பாலும் நடுவே இதழ் விரித்த தாமரையும், நான்கு மூலையிலும் அதை நோக்கிச் சாயும் மரமோ, கல்கா என்னும் நுனி வளைந்த வடிவமோ இருக்கும். இடைப்பட்ட வெளியில் மீன், யானை, குதிரை, படகு, பல்லக்கு, தேர், பாக்குவெட்டி, முறம் என்று அவரவர் கண்டதும் நினைத்ததும் இடம்பெறும். உருவத்தின் வெளிக்கோட்டை முதலில் தைத்து, பிறகு உள்ளே நிரப்பி, கடைசியாக எஞ்சிய வெள்ளை நிலத்தை வெள்ளை நூலாலேயே தைக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணில் படாத இந்த வெள்ளைத் தையலில்தான் காந்தாவின் உயிர் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன். மீனின் உருவத்தைச் சுற்றி அதன் வடிவத்தையே பின்பற்றி ஒரு சுற்று, அதற்கு வெளியே இன்னொரு சுற்று என்று ஓட்டுத் தையல் பரவிப்போகும்போது, ஒவ்வொரு இழுப்பிலும் நூல் துணியைச் சற்றே இறுக்குகிறது. இரண்டு வரிகளுக்கு நடுவில் துணி மெல்ல மேலெழும்புகிறது. நூற்றுக்கணக்கான வரிகள் சேர்ந்ததும் முழு விரிப்பும் காற்றடிக்கும் ஏரி நீரைப் போல் சிற்றலை கொள்கிறது. அந்த அலையில் சிக்கியிருக்கும் காற்றுதான் வெப்பத்தைப் பிடித்துவைத்துப் போர்வையைக் கதகதப்பாக்குகிறது. அழகுக்கும் குளிருக்கும் ஒரே தையல் போதுமாயிருக்கிறது. வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி பகுதியில் இந்த அலையையே வடிவமாக எடுத்துக்கொண்டு, லஹரி காந்தா என்ற தனி வகையைத் தைக்கிறார்கள்.

இவ்வளவையும் தைத்த பெண்களின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. ஆனாலும் சிலர் தம் பெயரைத் தைத்து வைத்திருக்கிறார்கள். இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியைச் சேர்ந்த மானதாசுந்தரி என்பவர் தம் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று கொல்கத்தாவின் ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தின் தொகுப்பைச் சேர்ந்தது. தந்தைக்குக் காணிக்கை என்பதையும் அவர் அதில் எழுத்தாகவே தைத்திருக்கிறார். அந்தத் தொகுப்பைத் திரட்டிய குருசதய் தத் (1882–1941) ஆங்கில ஆட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். கிராமம் கிராமமாகச் சுற்றி, வீடுகளில் பயன்பாட்டில் கிடந்த காந்தாக்களையும் மண்பொம்மைகளையும் ஓவியச் சுருள்களையும் கலைப்பொருளாக மதித்துச் சேர்த்தார். கொல்கத்தாவில் பல ஆண்டு கற்பித்த கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் திரட்டிய காந்தாக்கள் இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர்கள் எடுத்து வைத்திராவிட்டால், என் பாட்டியின் போர்வைக்கு நேர்ந்ததே அவற்றில் பலவற்றுக்கும் நேர்ந்திருக்கும்.

வீட்டுக்குள் இருந்த இந்தத் தையல் வருமானமாக மாறியதில் சாந்திநிகேதனுக்கும் அதைச் சுற்றிய பீர்பூம் கிராமங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அங்கே அடுக்குப் போர்வையிலிருந்த தையல், ஒற்றை அடுக்குப் பட்டுச் சேலைக்கும் துப்பட்டாவுக்கும் இடம் மாறியது. இன்று கடைகளில் காந்தாச் சேலை என்று நாம் பார்ப்பது இதைத்தான். காந்தாத் தையலுக்காகச் சோனார்பூரைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023இலும், பீர்பூமைச் சேர்ந்த தக்தீரா பேகத்துக்கு 2024இலும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தக்தீரா பேகத்துக்கு விருது அறிவித்த செய்தியைத் தீதி தம் கைபேசியில் எனக்குக் காட்டியபோது, ஊர்க்காரரைப் பற்றிப் பேசுகிற பெருமை அவர் முகத்தில் இருந்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மேசையில் இருந்த போர்வை 45 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உடையது. அரை அங்குல இடைவெளியில் நீளவாக்கில் வரி போட்டால் 90 வரிகள் வரும். ஒவ்வொன்றும் 90 அங்குலம். ஆக மொத்தம் 8,100 அங்குலம், அதாவது 675 அடி, ஏறக்குறைய 206 மீட்டர். அங்குலத்துக்கு ஐந்து தையல் என்று வைத்தால் நாற்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. எங்கள் குழுவில் பழகிய கைக்கு ஒரு வரி முடிக்க, ஊசியில் நூல் கோக்கும் நேரத்தையும் சேர்த்து, 12 நிமிடம் ஆகிறது. வரிகளுக்கு மட்டும் 18 மணி நேரம். அடுக்கி நீவி ஓரம் தைக்க 5 மணி நேரம். மொத்தம் 23 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் கூலி 1,380 ரூபாய். பழந்துணிக்கும் நூலுக்கும் சேர்த்து 400 ரூபாய் ஆயிற்று. நாங்கள் கேட்ட 2,200 ரூபாயில் இவை போக மீதமுள்ள 420 ரூபாயில் பேருந்துச் செலவும், பையும், குழுவின் சேமிப்பும், விற்காமல் தங்கும் சரக்கின் சுமையும் அடங்க வேண்டும். இது உருவம் ஏதும் இல்லாத சாதாரண வரிப் போர்வைக்கான கணக்கு. நடுவில் தாமரையும் மூலைகளில் மரமும் வைத்தால் இன்னும் 45 மணி நேரம் கூடுகிறது. அப்போது ஐந்தாயிரத்துக்குக் குறைத்துக் கொடுக்க முடியாது.

இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே எழுதாமல் விட்டது என் தவறு. பெங்களூரில் இருக்கும் ஒரு கடை, விற்ற பிறகு பணம் தருவதாகச் சொல்லி எங்களிடமிருந்து பத்துப் போர்வைகளை வாங்கிச் சென்றது. விலையைப் பேசி எழுதிக்கொள்ளாமல், பெரிய கடை வாங்குகிறதே என்ற மகிழ்ச்சியில் கொடுத்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து, தள்ளுபடியில் விற்றதாகச் சொல்லி, ஒன்றுக்கு 900 ரூபாய் வீதம் அனுப்பினார்கள். துணி, நூல் செலவு போனால் தைத்தவருக்கு மணிக்கு 22 ரூபாய்கூடத் தேறவில்லை. அதற்கு மேலும் ஒன்று நடந்திருந்தது. அந்தக் கடைக்குப் போய் வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், எங்கள் போர்வையில் 'வங்காள நக்ஷி காந்தா' என்ற சீட்டு கட்டித் தொங்கியதைப் படம் எடுத்து அனுப்பினார். பணத்தைவிட இதுவே என்னை அதிகம் வருத்தியது. நக்ஷி காந்தா என்ற பெயர் 2008இல் மேற்கு வங்கத்தின் புவிசார் குறியீடாகப் பதிவு செய்யப்பட்டது. கிருஷ்ணகிரியில் தைத்ததை அந்தப் பெயரில் விற்பது சட்டத்துக்கு மட்டுமின்றி, வாசற்படியில் உட்கார்ந்து எனக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்த தீதிக்கும் அவருடைய ஊருக்கும் செய்யும் துரோகமாகத் தோன்றியது. அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தையல் எங்க ஊர்து, துணி, கை உங்க ஊர்து, ரெண்டும் எழுதுங்க அக்கா" என்றார். இப்போது எங்கள் சீட்டில் 'காந்தா முறைத் தையல், கிருஷ்ணகிரி மாவட்ட மகளிர் தைத்தது' என்று தமிழில் அச்சடித்திருக்கிறோம். எந்தக் கடைக்குக் கொடுத்தாலும் பாதிப் பணம் முன்னதாக, குறைந்தபட்ச விலை எழுத்தில், சீட்டை மாற்றக் கூடாது என்ற மூன்றையும் கேட்டுப் பெறுகிறோம். சில கடைகள் மறுத்து விலகிப் போயின. போகட்டும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். காந்தா என்ற பெயரில் எந்திரத் தையல் போட்ட விரிப்புகளும், தையலைப் போலவே கோடு அச்சடித்த துணிகளும் இன்று எல்லாக் கண்காட்சியிலும் கிடைக்கின்றன. விரிப்பைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கையால் போட்ட ஓட்டுத் தையலில் ஒரே நூல்தான் மேலும் கீழுமாகப் போகிறது. ஆகவே பின்பக்கத்திலும் புள்ளியும் இடைவெளியுமாக விட்டு விட்டுத் தெரியும். சாதாரணத் தையல் எந்திரத்தில் மேல்நூல் ஒன்று, பாபின் நூல் ஒன்று என இரண்டு நூல் பின்னிக்கொள்வதால், இடைவெளி இல்லாமல் ஒரே கோடாக ஓடும். கைத்தையலில் ஒரு தையல் சற்று நீளமாகவும் அடுத்தது சற்றுக் குட்டையாகவும் இருக்கும். ஒரே விரிப்பில் இரண்டு பேர் தைத்திருந்தால், எந்த வரியில் கை மாறியது என்பதைக்கூடக் கண்டுபிடிக்கலாம். பராமரிப்பு எளிது. குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தினால் போதும். நூல் சாயம் விடுமா என்று நாங்கள் இப்போது ஒவ்வொரு சிட்டத்தையும் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகே ஊசியில் கோக்கிறோம்.

எங்கள் பகுதிக்கு இது பொருந்துமா என்று சிலர் கேட்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதன்முதலாக 1989இல், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதற்குள் இருந்தது, 2004இல்தான் தனி மாவட்டமாயிற்று. கூடி உட்கார்ந்து சேமிக்கவும் கணக்கு எழுதவும் எங்கள் பெண்கள் ஒரு தலைமுறைக்கு மேலாகப் பழகியிருக்கிறார்கள். தருமபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள், மறந்துபோகவிருந்த தங்கள் எம்பிராய்டரியை மூத்த பெண்களிடமிருந்து மீட்டெடுத்து, 'போர்கை' என்ற பெயரில் விற்கிறார்கள். போர்கை என்றால் அவர்கள் மொழியில் பெருமை. அவர்களுடைய தையல் அவர்கள் பாட்டிமாருடையது. எங்களிடம் அப்படி ஒரு சொந்த உருவ மரபு இல்லை, வெறும் பொந்தயும் கௌதியும்தான் இருந்தன. ஆகவே முறையைத் தீதியிடமிருந்து எடுத்துக்கொண்டு, உருவத்தை எங்கள் ஊரிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்தோம்.

அதற்கு வழிகாட்டியதும் தீதிதான். மூலையில் வைக்கும் கல்காவை அவர் வரைந்து காட்டியபோது, பெரியம்மா எட்டிப் பார்த்து, "இது நம்ம மாங்காய்தானே? என் கூரைச் சேலைக் கரையில இருக்கே" என்றார். வளைந்த நுனியுள்ள அதே வடிவம். மாந்தோப்புக்கு நடுவில் பிறந்து வளர்ந்த பெண்களிடம் மாங்காய் தைக்கச் சொன்னதும் கை தானாக ஓடியது. ஒருவர் செந்தூராவின் சிவந்த தோளைத் தனி நூலால் காட்டினார். இன்னொருவர் நுனி கூரிய மாங்காய் ஒன்றைக் காட்டி, இது பங்கனப்பள்ளியா என்று கேட்டார். அது கிளிமூக்கு என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து திருத்தினோம். ராகிக் கதிரும், ஆட்டுக்கல்லும், தென்பெண்ணை அணையின் மதகுகளும் அடுத்தடுத்து வந்தன. மதகு நன்றாக வரவில்லை. நேர்கோடுகள் அதிகமாகி அலை செத்துவிட்டது. அதைப் பிரித்துவிட்டோம்.

கண்காட்சிக்குப் பிறகு எங்கள் வியாபாரம் நான் எதிர்பாராத திசையில் வளர்ந்தது. காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் தேடி வந்து, மூன்று மாதத்துக்கு முன் காலமான தம் தாயின் ஆறு பருத்திச் சேலைகளைக் கொடுத்து, மூன்று சகோதரிகளுக்கு மூன்று போர்வை தைத்துத் தரக் கேட்டார். விலையைச் சொன்னேன். அவர் பேரம் பேசவில்லை. அந்தச் சேலைகளை எடுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டே, எதை மேலே வைப்பது என்று மட்டும் நெடுநேரம் யோசித்தார். பழந்துணியின் மதிப்பு தெரியாதவர் யாரும் உலகில் இல்லை, அது யாருடைய துணி என்பது தெரிந்திருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அதன்பின் இப்படிச் சேலை கொண்டுவந்து கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் இப்போது இதுதான். துணி தேடும் சிக்கலும் இதில் இல்லை, தங்கும் சரக்கும் இல்லை.

அந்தக் காவேரிப்பட்டணத்துப் பெண் கேட்ட மூன்று போர்வைகளில் இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவது, கடைசித் தங்கைக்கானது, இப்போது என் வீட்டுத் திண்ணையில் விரிந்து கிடக்கிறது. தாயின் பெயரை ஒரு மூலையில் தைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மானதாசுந்தரியைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து பெரியம்மாவுக்கும் ஓர் ஆசை. தைத்தவர்கள் பெயரின் முதல் எழுத்தைப் பின்பக்கம் சிறிதாக வைக்கலாமா என்று கேட்டு, அந்தப் பெண்ணிடம் ஒப்புதலும் வாங்கிவிட்டார். மூன்று மூலையில் மாங்காய் நிறைந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தீதி ஓசூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருப்பதால், நான்காவது மூலையை வெளிக்கோட்டோடு நிறுத்தி வைத்திருக்கிறோம்.